மொனிட்டர் வாங்குவது எப்படி: மேசையை அளப்பதில் இருந்து முதல் நாள் செட்டிங் வரை

மொனிட்டர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை இஞ்சி வேணும் அண்ணை?" என்பதுதான். பலர் அந்த இடத்திலேயே சறுக்கி விடுகிறார்கள். கையில் உள்ள காசுக்கு ஆகப் பெரியதைக் காட்டச் சொல்லி, பளிச்சென்று தெரிவதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு கிழமைக்குள் கண் வலிக்குது, எழுத்து மங்கலாகக் கிடக்குது என்று போன் எடுக்கிறார்கள்.

அங்குலம் நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மேசையில் எவ்வளவு இடம் இருக்கிறது, அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள், உங்கள் கணினியால் எந்தத் திரையை ஓட்ட முடியும் என்ற மூன்றும் அதற்கு முன்னால் வரும். ஒழுங்கை மாற்றினால், முதலில் செய்த தெரிவைப் பின்னால் திருத்தக் காசு போகும். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா, ஒரு பென் ட்ரைவ், உங்கள் கணினியின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் எடுத்த போன் படம். லப்டொப் என்றால் படம் போதாது. லப்டொப்பையும் சார்ஜரையும் கடைக்கே கொண்டு போக வேண்டும்.

பென் ட்ரைவில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்களைப் போட்டு வையுங்கள். பெயின்ட் செயலியில் 1920க்கு 1080 என்று அளவு கொடுத்து நிறத்தை ஊற்றிச் சேமித்தால் முடிந்தது. கூடவே ஒரு வேர்ட் பக்கத்தில் 10 அல்லது 11 அளவில் தமிழ் எழுத்து. அதில் "ண் ன் ஞ் ழ் ணு னூ றூ ரா ளை" போன்றவை கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

2. மேசையை அளங்கள்

அகலத்தை எல்லாரும் அளப்பார்கள். ஆழத்தை யாரும் அளப்பதில்லை. கண்ணுக்கும் திரைக்கும் இடையில் ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 75 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது மேசையின் ஆழம்தான்.

மொனிட்டரின் கால் சுவரோடு ஒட்டி நிற்காது. ஸ்டாண்டின் அடித்தட்டு பெரும்பாலும் 18 முதல் 22 சென்ரிமீற்றர் ஆழமாக இருக்கும், திரை அதற்கு நடுவில் அல்லது கொஞ்சம் முன்னுக்கு நிற்கும். பள்ளிக்கூட மேசை மாதிரி 45 சென்ரிமீற்றர் ஆழமுள்ள மேசையில் 27 அங்குலத்தை வைத்தால் மூக்குக்கு முன்னால் திரை. கீபோர்ட் வைக்கவும் இடம் இராது. அப்படிப்பட்ட மேசைக்கு 22 அல்லது 24 அங்குலம்தான் சரி. அல்லது திரையைச் சுவரில் மாட்ட வேண்டும்.

அகலத்துக்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 24 அங்குலத் திரை ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் உயரம். 27 என்றால் 60 அகலம், 34 உயரம். 32 என்றால் 71 அகலம், 40 உயரம். கடையில் பார்க்கும்போது எல்லாமே சிறிதாகத் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் 55 அங்குல டிவி நிற்கும். பழைய கார்ட்போட் மட்டையை இந்த அளவுக்கு வெட்டி மேசையில் நிறுத்தி, கதிரையில் இருந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மேசைக்கு முன் இருந்தபடியே யன்னல் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். எங்கள் யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இது சின்ன விஷயம் அல்ல. யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் யன்னல்தான் தெரியும். நேர் முன்னால் இருந்தால் கண் கூசும். யன்னல் இடமோ வலமோ பக்கவாட்டில் வருகிற மாதிரி மேசையைத் திருப்ப முடியுமானால், கூடுதல் வெளிச்சம் உள்ள மொனிட்டருக்குக் கொடுக்கும் காசு மிச்சம். விறாந்தையிலோ முன்பக்கம் திறந்த கடையிலோ வைக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் திரை வெளிச்சத்தின் அளவான நிட்ஸ் 300க்குக் குறையாமல், மினுக்கம் இல்லாத மட் திரையாகப் பார்க்க வேண்டும். அறைக்குள் 250 நிட்ஸ் தாராளம்.

3. என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள்

"எல்லாத்துக்கும்தான்" என்று சொல்கிறவர்களுக்குத்தான் பிழையான மொனிட்டர் போய்ச் சேர்கிறது. ஒரு நாளில் அதிக நேரம் எந்த வேலைக்குப் போகிறதோ, அதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றவை அதற்குக் கீழே.

எழுதுவது, படிப்பது, கணக்கு, ஸூம் வகுப்பு என்றால் எழுத்துத் தெளிவுதான் முக்கியம். வீட்டில் இருந்து புரோகிராமிங் செய்கிறவருக்கு எழுத்துத் தெளிவோடு இடமும் வேண்டும். கலியாண அல்பம், சாமத்திய வீட்டு அல்பம் வடிவமைக்கிற ஸ்டூடியோவுக்கு நிறம் முதலில், மற்றதெல்லாம் பிறகு. கேம் விளையாடுகிற தம்பிமாருக்கு ஹேர்ட்ஸ், அதாவது திரையில் படம் நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பது. சிசிடிவி பார்க்க மட்டும் என்றால் எதுவும் ஓடும், காசைச் செலவழிக்காதீர்கள்.

இரண்டு வேலைகள் சமமாக வந்தால், கண்ணுக்கு அதிக வேலை கொடுப்பது எதுவோ அதற்கு வாங்குங்கள். நாள் முழுக்க எழுத்து வாசித்து, இரவில் ஒரு மணித்தியாலம் கேம் விளையாடுகிறவருக்கு 240 ஹேர்ட்ஸ் தேவையில்லை.

4. கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கணினியில் இருந்து மொனிட்டருக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ துளைகள் எல்லாம் வெளியில் ஒரே மாதிரித்தான் இருக்கும், உள்ளே ஒன்றல்ல. சில வருடம் பழகிய லப்டொப்களில் அநேகமாக எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய பதிப்புத்தான் இருக்கும். அதில் 4கே திரையை, அதாவது 3840க்கு 2160 பிக்சல் என்ற நுண்புள்ளிகள் உள்ள திரையை, கொழுவினால் படம் வரும். ஆனால் நொடிக்கு 30 தடவைதான் மாறும். மௌஸை அசைத்தால் அம்புக்குறி துள்ளித் துள்ளிப் போகும். வாங்கியவர் மொனிட்டர் பழுது என்று நினைப்பார். மொனிட்டரில் ஒரு குறையும் இல்லை. 4கே திரை 60 ஹேர்ட்ஸில் ஓட எச்டிஎம்ஐ 2.0, அல்லது டிஸ்பிளே போர்ட் என்ற இன்னொரு வகைத் துளையின் 1.2 பதிப்பு வேண்டும். உங்கள் லப்டொப்பின் மாடல் எண்ணை இணையத்தில் தேடி, எந்த எச்டிஎம்ஐ என்று பார்த்து விடுங்கள்.

யூஎஸ்பி-சி துளையிலும் இதே சிக்கல். எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. சிலது தரவுக்கு மட்டும், சிலது சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டும். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, டிஸ்பிளே போர்ட்டின் குறியோ இருந்தால் படம் வரும். குறி ஒன்றும் இல்லாவிட்டால் மாடல் விபரத்தைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். படம் வருகிற துளை என்றால், 65 வாட்ஸ் அல்லது அதற்கு மேல் மின் கொடுக்கிற யூஎஸ்பி-சி மொனிட்டர் நல்ல தெரிவு. ஒரே வயரில் படமும் போகும், லப்டொப்பும் சார்ஜ் ஆகும்.

மாற்றிக் கேபிள்களில் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்பிளே போர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவுக் கேபிளைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. கணினியில் எச்டிஎம்ஐ, மொனிட்டரில் டிஸ்பிளே போர்ட் என்றால், உள்ளே சிப் வைத்த, தனியாக மின் எடுக்கிற மாற்றி வேண்டும். பாவித்த ஒஃபிஸ் மொனிட்டர் வாங்குகிறவர்கள் பலர் வீட்டுக்குப் போய்த்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். விஜிஏ மட்டும் உள்ள பழைய மேசைக் கணினி என்றால், மொனிட்டரிலும் விஜிஏ துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நடுவில் மாற்றி போடுவதை விட அது நிம்மதி.

மக்புக் எயார் எம்1, எம்2 வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி: அவை வெளியில் ஒரு திரையைத்தான் ஓட்டும். இரண்டு மொனிட்டர் கனவு வேண்டாம்.

இந்தப் படி முடியும்போது உங்கள் தாளில் "என் கணினி அதிகபட்சம் இத்தனை பிக்சல், இத்தனை ஹேர்ட்ஸ்" என்று ஒரு வரி இருக்க வேண்டும். அதற்கு மேலே வாங்குவது வீண். கணினியையும் கெதியில் மாற்றப் போகிறீர்கள் என்றால் வேறு கதை.

5. இப்போது அங்குலம், ரெசொலூஷனோடு சேர்த்து

அங்குலத்தையும் ரெசொலூஷனையும், அதாவது திரையில் உள்ள பிக்சல் எண்ணிக்கையையும், தனித்தனியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதுதான் எழுத்தின் தெளிவு. முழு எச்டி, அதாவது 1920க்கு 1080, 24 அங்குலத்தில் வந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல். அதே முழு எச்டி 27 அங்குலத்தில் 82 ஆகக் குறைந்து விடும். 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்றால் 109. அதே அளவில் 4கே என்றால் 163.

இந்த 82 தான் தமிழில் வேலை செய்கிறவர்களின் எதிரி. ஆங்கில எழுத்து அந்த அளவிலும் ஒருமாதிரி வாசிக்கலாம். தமிழில் ஒரே எழுத்துக்குள் சுழி, கொம்பு, மேலே புள்ளி என்று எத்தனை. 'ண' வுக்கும் 'ன' வுக்கும் இடையில் ஒரு சுழிதான் வித்தியாசம். பிக்சல் குறைந்தால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும், மெய்யின் புள்ளி எழுத்தின் தலையில் அப்பிக்கொள்ளும். காலும் 'ர' வும் பக்கத்தில் வந்தால் கண் ஒரு கணம் தயங்கும். நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவருக்கு அந்தத் தயக்கம்தான் பின்னேரம் தலையிடியாக வரும். பென் ட்ரைவில் போட்ட வேர்ட் பக்கம் இதற்குத்தான். கடையில் அதைத் திறந்து, 100 வீதத்தில் வைத்து, ஒரு கை தூரத்தில் நின்று வாசியுங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் மலையும் அருவியும் ஓடுகிற வீடியோ எந்த மொனிட்டரிலும் வடிவாகத்தான் இருக்கும்.

என் தெரிவு இது. பொதுப் பாவனைக்கு 24 அங்குலம், முழு எச்டி. திரையின் உயரம் 30 சென்ரிமீற்றர் என்பதால் ஏ4 தாளின் உயரமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. அச்சு வேலைக்காரருக்கு இது தெரிந்தால் பிடிக்கும். நாள் முழுக்க எழுத்தோடும் புரோகிராம் குறியீட்டோடும் இருப்பவருக்கு 27 அங்குலம், 1440. காசு கொஞ்சம் கூட, ஆனால் இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கலாம், எழுத்தும் கூர்மை. 4கே யைத் தெரிவு செய்கிறவர் விண்டோஸில் எழுத்தின் அளவை 150 வீதத்துக்கு ஏற்றித்தான் பாவிக்க வேண்டி வரும். ஆகவே இடம் கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள், தெளிவுதான் கூடும். 27 அங்குலம் முழு எச்டியை எழுத்து வேலைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை, எவ்வளவு மலிவாக வந்தாலும்.

"டிவியைக் கொழுவினால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 32 அங்குல மலிவு டிவிகள் பெரும்பாலும் 1366க்கு 768 தான். அங்குலத்துக்கு 49 பிக்சல். பிள்ளைகள் ஸூம் வகுப்பில் ஆசிரியரின் முகம் பார்க்கப் போதும். எழுத்துக்கு ஆகாது.

6. பனல்

பனல் என்பது படத்தைக் காட்டும் தட்டு. பெரும்பாலும் ஐபிஎஸ், விஏ, டிஎன் என்று மூன்று வகை. ஐபிஎஸ் என்றால் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. விஏ என்றால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், கொன்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், ஐபிஎஸ்ஸின் 1000க்கு எதிராக ஏறத்தாழ 3000 வரை வரும், ஆனால் இருண்ட காட்சிகள் வேகமாக ஓடும்போது நிழல் இழுபடும். டிஎன் மலிவு, மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் புரண்டு விடும். குழம்பாதீர்கள், ஐபிஎஸ் எடுங்கள். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பதுதான் முதல் வேலை என்றால் விஏ.

ஓலெட் என்ற இன்னொரு வகைப் பனல் பார்க்க அருமை. ஆனால் விண்டோஸின் கீழ்ப் பட்டை மாதிரி ஒரே இடத்தில் அசையாமல் நாள் முழுக்க நிற்கும் உருவம் காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதியலாம். ஒஃபிஸ் வேலைக்கு வேண்டாம்.

வளைந்த திரை 34 அங்குல அகலத் திரைகளில் பயன்படும். 24, 27 இல் அது வெறும் ஸ்டைல். வீட்டுப் பிளான் கீறுகிறவர்கள் வளைவைத் தவிர்க்கவும். நேர்கோடு நேராகத் தெரியாது.

7. ஹேர்ட்ஸ்

வேலைக்கு 60 போதும். 75, 100 கிடைத்தால் பக்கம் உருட்டும்போது கண்ணுக்கு இதம். வேகமான கேம்களுக்கு 144 அல்லது அதற்கு மேல். ஆனால் கிராபிக்ஸ் கார்ட் அத்தனை பிரேம் தரவில்லை என்றால் மொனிட்டர் மட்டும் ஓடி என்ன செய்வது? நாலாம் படியில் எழுதிய வரியைத் திரும்பிப் பாருங்கள்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட "1 எம்எஸ்" என்பதை, அதாவது ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் ஒரு மில்லிசெக்கன் என்பதை, நம்பி வாங்காதீர்கள். அதை அளக்கும் முறைகள் ஒன்றுக்கு மேல் உண்டு, தங்களுக்கு வசதியானதைத்தான் பெட்டியில் போடுவார்கள்.

8. நிறம், அல்பம் செய்கிறவர்களுக்கு மட்டும்

மற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி என்பவை ஒரு திரையால் எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்று சொல்லும் இரண்டு அளவுகோல்கள். விபரத் தாளில் "எஸ்ஆர்ஜிபி 99 வீதம்" அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். "என்டிஎஸ்சி 45 வீதம்" என்று இருந்தால் அது எஸ்ஆர்ஜிபியின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அந்தத் திரையில் கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாக இறங்கும். நீங்கள் அதைத் திருத்தச் சிவப்பை ஏற்றுவீர்கள். அச்சில் வரும்போது மணப்பெண்ணின் முகமும் சிவந்து போகும், தாலிக்கொடியின் மஞ்சள் செம்பாகும். பிழை அச்சகத்தில் இல்லை. "என்டிஎஸ்சி 72 வீதம்" என்று போட்டிருந்தால் ஏறத்தாழ எஸ்ஆர்ஜிபி அளவு, பரவாயில்லை.

இன்னொன்று, அச்சில் படம் இருண்டு வருகிறது என்ற முறைப்பாடு. வெளிச்சம் 100 வீதத்தில் வைத்த திரையில் திருத்தினால் தாளில் எல்லாம் இருளும். தாளுக்கு உள்ளிருந்து வெளிச்சம் வருவதில்லை. அல்பம் வேலைக்கு 100 முதல் 120 நிட்ஸ் வரை இறக்கி வைத்து, ஏற்கனவே அச்சான ஓர் அல்பப் பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டு, அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பெட்டியில் எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதி, என்று இருப்பதைப் பார்த்துக் காசு கூடக் கொடுக்க வேண்டாம். 250, 300 நிட்ஸ் திரையில் அது பெயருக்குத்தான்.

9. ஸ்டாண்டும் மின்சாரமும்

திரையின் மேல் விளிம்பு உங்கள் கண்ணுக்கு நேரே, அல்லது கொஞ்சம் கீழே வர வேண்டும். மேலே நின்றால் கழுத்து பின்னுக்குச் சாயும். உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டுக்குக் கூடக் கொடுக்கும் காசு நல்ல காசு. அது இல்லாவிட்டால் பின்பக்கத்தில் 75 அல்லது 100 மில்லிமீற்றர் சதுரத்தில் நாலு ஆணித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீசா துளை என்று கேட்டால் கடையில் விளங்கும். இருந்தால் பிறகு மொனிட்டரைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று வாங்கி மாட்டலாம். அவையும் இல்லாத மொனிட்டருக்குக் கடைசி வரை புத்தகத்தைத்தான் கீழே அடுக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம். மொனிட்டரில் மின்மாற்றி உள்ளே இருப்பதும் உண்டு, லப்டொப் சார்ஜர் மாதிரி வெளியில் தனியாக இருப்பதும் உண்டு. வெளியில் இருப்பது மேசையில் அசிங்கமாகக் கிடக்கும். ஆனால் மின்னலுக்கோ மின் அழுத்தம் ஏறி இறங்கியோ முதலில் போவது அந்தப் பகுதிதான். வெளியில் இருந்தால் அதை மட்டும் வாங்கி மாற்றலாம். உள்ளே இருந்தால் மொனிட்டரைக் கழற்ற வேண்டும். எங்கள் பக்கத்துக்கு வெளியில் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

24 அங்குல மொனிட்டர் ஒன்று ஏறத்தாழ 20 வாட்ஸ் தான் எடுக்கும். ஆகவே யூபிஎஸ்ஸில் கணினியோடு இதையும் கொழுவுங்கள். சிலர் மிச்சம் பிடிப்பதாக நினைத்து மொனிட்டரை வெளிச் சுவிச்சில் விடுகிறார்கள். கரண்ட் போனால் கணினி ஓடும், திரை இருண்டு கிடக்கும், எதைச் சேமிப்பது?

எர்த் இல்லாத பிளக்கோடு பாவிக்காதீர்கள். பழைய வீடுகளில் உருண்டைக் கால் சொக்கெட், புதிய வயர்களில் சதுரக் கால் பிளக். நடுவில் இரண்டு கால் மாற்றியைச் செருகி விடுவார்கள். அப்போது எர்த் அறுந்து விடுகிறது, லப்டொப்பின் உலோகத்தில் கை பட்டால் சுளீர் என்று ஒரு கூச்சம் தெரியும். அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரைச் செருகுவது துளைக்கே ஆபத்து. சொக்கெட்டை மாற்றுவது அல்லது சரியான வயர் வாங்குவது, இரண்டில் ஒன்று.

10. புதியதா, பாவித்ததா, வெளிநாட்டில் இருந்து வருவதா

வெளிநாட்டு ஒஃபிஸ்களில் கழித்து இங்கே வரும் பாவித்த மொனிட்டர்களை ஒதுக்கி விடாதீர்கள். டெல், எச்பி, லெனோவோ ஒஃபிஸ் மாடல்களில் ஸ்டாண்ட் உயரமும் மாறும், சுழலவும் செய்யும். புதிய மலிவு மொனிட்டரில் அது கிடையாது. பார்க்க வேண்டியவை மூன்று. வெள்ளைப் படத்தைப் போட்டு, மூலைகள் மஞ்சளாகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் ஓட விட்டுத் திரும்பிப் பாருங்கள், சிலது சூடேறிய பிறகுதான் மினுங்கத் தொடங்கும். பின்பக்கத் துளைகளைப் பாருங்கள், எச்டிஎம்ஐ இல்லாமல் டிவிஐ, டிஸ்பிளே போர்ட் மட்டும் இருக்கலாம். கணினியின் எச்டிஎம்ஐயில் இருந்து டிவிஐக்குச் சாதாரண கேபிளே போதும், சத்தம் மட்டும் வராது.

கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்புகிறேன் என்றால் முதலில் பின்பக்க ஸ்டிக்கரின் படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்" என்று இருந்தால் எங்கள் 230 வோல்டுக்குப் பயமில்லை. வயரை மட்டும் இங்கே மாற்றலாம். ஆனால் உத்தரவாதம் அங்கேயே நின்று விடும். திரை வெடித்து வந்தால் யாரிடமும் கேட்க முடியாது. அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்தால், "சித்தப்பா, காசாக அனுப்புங்கோ" என்று சொல்வதே பல வேளைகளில் புத்தி.

கொழும்பில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாப் பக்கம் தெரிவு அதிகம். யாழ்ப்பாணத்துக் கடையில் விலை கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனால் பழுது என்றால் நேரே போய் மேசையில் வைக்கலாம். அந்த வித்தியாசத்தை முடிவெடுக்க ஒரே கேள்வி போதும்: பழுது வந்தால் கொழும்புக்கு அனுப்பி எடுக்கும் செலவு யாருடையது? இதை வாங்கும் முன் கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

11. கடையில்

பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். "சீல் உடைச்சா எடுக்க வேணும் அண்ணை" என்பார்கள். "பழுது இல்லாட்டி எடுக்கிறன் தம்பி" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள்.

ஐந்து வெற்றுப் படங்களையும் முழுத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கரும்புள்ளி, கறுப்பில் ஒளிரும் புள்ளி, மற்ற நிறங்களில் நிறம் மாறிய புள்ளி. ஒன்றிரண்டு புள்ளிக்கு உத்தரவாதத்தில் மாற்றித் தர மாட்டார்கள் என்பது பல கம்பனிகளின் விதி. ஆகவே கண்டுபிடிக்க வேண்டிய இடம் கடைதான். கறுப்புப் படத்தில் மூலைகளில் வெளிச்சம் கசிவதையும் பாருங்கள். ஐபிஎஸ்ஸில் கொஞ்சம் இருக்கும், பார்க்கும் கோணத்தை மாற்றினால் அதுவும் மாறும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே இடத்தில் பளிச்சென்று நின்றால் வேறு ஒன்று கேளுங்கள்.

பெட்டிக்குள் எந்தக் கேபிள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரோடு டிஸ்பிளே போர்ட் கேபிள் வராமலும் இருக்கலாம்.

12. வீட்டுக்குக் கொண்டு வருவது

நிமிர்த்திக் கொண்டு வர வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. படுக்கையில் மேலே ஒரு கை ஊன்றினாலே பனல் உள்ளே கீறி விடும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் சரி, கரியரில் கட்ட வேண்டாம். ஓட்டோ இன்னும் நல்லது. கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வருகிறது என்றால் கீழ்ப்பெட்டியில் மூட்டைகளுக்கு அடியில் போட விடாதீர்கள்.

பெட்டியையும் றெஜிபோமையும் உத்தரவாதக் காலம் முடியும் வரை எறியாதீர்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தத் துண்டு இல்லாமல் முழுசாகப் போய்ச் சேராது.

13. முதல் நாள் செட்டிங்

இரண்டு பக்கமும் சுவிச்சை அணைத்து விட்டு வயரைக் கொழுவுங்கள். பிறகு விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்குக்குப் போய், ரெசொலூஷன் மொனிட்டரின் சொந்த அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ரெசொலூஷனைக் குறைக்கிறவர்கள் ஏராளம். குறைத்தால் எல்லாமே மங்கும். சொந்த அளவிலேயே விட்டு, அதற்கு மேலே உள்ள, எழுத்தின் அளவைக் கூட்டும் ஸ்கேலை 125 ஆக்குங்கள்.

அடுத்தது அட்வான்ஸ்ட் டிஸ்பிளே. 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை வாங்கி, அதை 60 இலேயே மாதக்கணக்காக ஓட்டுகிறவர்கள் உண்டு. விண்டோஸ் தானாக மாற்றும் என்று எதிர்பார்க்காமல் நீங்களே தெரிவு செய்யுங்கள். பட்டியலில் 144 வரவே இல்லை என்றால் கேபிளை அல்லது துளையை மாற்றிப் பாருங்கள்.

கறுப்பு சாம்பலாகவும் எல்லாம் வெளிறியும் தெரிந்தால், கிராபிக்ஸ் செட்டிங்கில் எச்டிஎம்ஐயின் நிற வீச்சு "லிமிட்டட்" என்று இருக்கக்கூடும். "ஃபுல்" ஆக்குங்கள். தொடக்கத் தேடலில் கிளியர்டைப் என்று அடித்து, அது காட்டும் எழுத்து மாதிரிகளில் தெளிவானதைத் தெரிந்து கொண்டே போனால் தமிழ் எழுத்தின் விளிம்பு இன்னும் சீராகும்.

கடைசியாக வெளிச்சம். கம்பனியில் இருந்து கடைக் காட்சிக்கு ஏற்ற மாதிரிப் பளிச்சென்று வைத்துத்தான் அனுப்புவார்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை தாளை விட ஒளிர்ந்தால் இறக்குங்கள். இரவுக்கு இன்னும் இறக்குங்கள்.

14. தூசியும் பூச்சியும்

வலிகாமத்துச் செம்மண் தூசி மணல் மாதிரிக் கீறும். துணியை வைத்து நேரே தேய்க்காமல், முதலில் மெல்லிய தூரிகையால் அல்லது காற்றால் தூசியைப் போக்கி, பிறகு கண்ணாடி துடைக்கும் மென்துணியைத் தண்ணீரில் கொஞ்சம் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். திரையில் நேரே எதையும் தெளிக்காதீர்கள், கீழ் விளிம்பால் உள்ளே இறங்கும். யன்னல் கண்ணாடிக்கான திரவம் மட் பூச்சைக் கெடுத்து விடும்.

மாரி காலத்தில் விளக்கைத் தேடி வரும் சின்னப் பூச்சிகள் பனலின் இடுக்கால் உள்ளே புகுந்து, எழுத்துகளுக்கு நடுவே ஊரும். விரலால் அழுத்தினால் அது அங்கேயே செத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. மொனிட்டரை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, திரையின் ஓரத்துக்கு வெளியே ஒரு சின்ன விளக்கை எரிய விடுங்கள். பூச்சி வெளிச்சத்தைத் தேடித் தானாக வெளியில் வரப் பார்க்கும். அந்தப் பருவத்தில் யன்னலுக்கு வலை அடிப்பதும், இரவில் திரை மட்டும் தனியாக எரியாமல் அறையின் வேறு மூலையில் ஒரு விளக்கு எரிய விடுவதும் உதவும்.